பெண் பார்க்க வந்த நேரத்தில் பாறைக்கோயில்

அன்று பசுந்தாங்கில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் தம்பி மோகன், அவன் மனைவி பவானி, அவர்கள் மகள் ரூபா. மிங்கலாடோனிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பிரேம்நாத்தும், இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அவன் தாயார் ஜெயம்மாவும். வேறு எவரும் இல்லை.

மாப்பிள்ளைப் பையன் லபெட் என்னும் ஊறவைத்த தேயிலைப் பலகாரத் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். ஜெயம்மா தட்டைத் தொடவில்லை; வந்ததிலிருந்து கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. எங்கள் குடும்பத்தை அதற்கு முன் யாரும் இப்படி அவமதித்ததில்லை.

ரூபா பட்டுப்புடவையில் வாசற்படி தாண்டும் நேரம் பார்த்து, காலையில் போன மின்சாரம் வந்தது. “மீ வந்துருச்சு!” என்று தெருவே கத்தியது. அவள் அப்படியே திரும்பி, மொழிபெயர்ப்பு வேலை பாதியில் நின்ற கம்ப்யூட்டருக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மோகன் தலையில் கைவைத்தான். போன சம்பந்தமும் இப்படி மீ வந்துதான் கெட்டது.

“பாப்பா, வெளிய வாம்மா!” பவானி கதவைத் தட்டினாள்.

“மறுபடி மீ போறதுக்குள்ள அனுப்பணும்மா! ஸ்பானிஷ்ல ‘எர்மிட்டா ருபெஸ்ட்ரே’. பாறைக்கோயில். நான் இங்கிலீஷ்ல ‘கேவ்’னு போட்டேன். கம்பெனியில சரிபார்க்கிற ஆளு அடிச்சு அடிச்சுத் திருப்புது. ‘குகை தானா உண்டாகும், இது உளி செஞ்ச வேலை’ன்னு பாடம் வேற! பேரு கிடையாது, ஊரு கிடையாது, வெறும் ரெண்டாம் நம்பர்!”

“வந்தவங்க காதுல விழுதுடி!”

“விழட்டும்! அது ஆளே இல்லம்மா, பிசாசு! அது கூட ஒரே வீட்டுல சோறு திங்கிறவங்க பாவம்!”

பிரேம்நாத்துக்குப் புரையேறியது. இருமலா சிரிப்பா என்று தெரியாமல் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டான்.

இதற்கு மேல் பொறுக்க முடியாது. நான் எழுந்து கதவருகே போனேன். “ரூபா, குடும்ப மானம் கூடத்துல உக்காந்திருக்கு.”

“ஒரு நிமிஷம் பெரியப்பா. பிசாசு சொன்னது சரிதான். குடைஞ்சு எடுத்ததைக் குகைன்னு எப்படிச் சொல்றது? ‘ராக்-கட்’னு மாத்திட்டேன். அனுப்பியாச்சு!”

கூடத்தில் ஜெயம்மா கைப்பேசியை ஒரு தட்டுத் தட்டிப் பைக்குள் போட்டார். கண்ணாடியைக் கழற்றினார். முதல் தடவையாகச் சிரித்தார்.

“முகூர்த்தம் பாருங்கண்ணே. பொண்ணு எங்க வீட்டுக்குத்தான்.”

“இன்னும் முகத்தையே பார்க்கலியேம்மா?” என்றேன்.

“முகம்தானே? மெதுவாப் பார்த்துக்கலாம்.” லபெட்டை அப்போதுதான் தேடினார். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

கல்யாணம் நல்லபடி நடந்தது. ஆனால், அந்த இரண்டாம் நம்பர் பிரேம்நாத்தான் என்றும், கம்ப்யூட்டரிலேயே சண்டை போட்டுக் காதலித்தார்கள் என்றும், பெண் பார்த்ததே நாடகம் என்றும் பசுந்தாங் சந்தையில் ஒரு பேச்சு. எங்கள் வீட்டில் காதல் கல்யாணம் கிடையாது. கேட்டவர்களிடமெல்லாம் நான் ஒரே பதில்தான் சொன்னேன்.

“மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ்ல ஒரு வரி ஒழுங்கா எழுத வராது. ரெண்டாம் நம்பர், அவங்கம்மா!”