ஏழாம் நம்பர் பனியன்

விக்கிரமசிங்கபுரத்துப் படித்துறையில் காலை வெயில் ஒவ்வொரு படியாக இறங்குகிறது. மில் சங்கு ஊதி ஓய்ந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று சொரிமுத்து தன் கபடிப் பனியனுக்குச் சோப்புப் போடுகிறார். மேல்படியில் உட்கார்ந்து அவர் மனைவி உலகம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள். 1978-இல் மில் தொழிலாளர்கள் ஆரம்பித்த வெண்புறா கபடிக் குழுவில், ஆட்டத்தை விடுகிறவன் தன் பனியனைத் தானே ஆற்றில் துவைத்து, ஈரத்தோடு அடுத்தவனுக்கு மாட்டிவிட வேண்டும்; அந்தக் கடைசித் துவைப்பில் வேறு கை படக் கூடாது. இன்று சொரிமுத்துவின் முறை. இதுவரை பதினைந்து வருஷமாக அவர் பனியனின் புழுதியையும் ரத்தக் கறையையும் கசக்கியவள் உலகம்மாள். நாலு பேர் காலைக் கட்டிப் பிடித்தாலும் இழுத்துக்கொண்டுபோய் நடுக்கோட்டைத் தொடுகிற மனுஷன், இப்போது சோப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் துழாவுகிறார். “பைய, அண்ணாச்சி. பனியனுக்கு வலிக்கப் போவுது” என்கிறான் கரையில் நிற்கும் கணபதி. அடுத்த ஏழாம் நம்பர் அவன்தான். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நிற்கிறான். கூட நிற்கிற ஆட்டக்காரர்கள் சிரிக்கிறார்கள். நுரையைக் கொத்தக் கெண்டைக்குஞ்சுகள் கூடுகின்றன. சொரிமுத்து பனியனை அலசுகிறார், தூக்கிப் பார்க்கிறார், மறுபடியும் சோப்புப் போடுகிறார். அதிலிருந்து வடிகிற தண்ணீர் தெளிந்து வெகுநேரமாகிவிட்டதை உலகம்மாள் கவனிக்கிறாள். சிரிப்பு அடங்கிவிடுகிறது. நாலு படி இறங்கி, “அழுக்கு எப்பமோ போயிட்டுங்க” என்கிறாள் மெதுவாக. “ஏட்டி, இரு. ஓரத்துல இன்னும் கொஞ்சம் கெடக்கு.” அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பவில்லை. அவள் கரையைப் பார்த்துக் குரலை உயர்த்துகிறாள்: “ஏலே கணபதி, எல்லாரும் போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்கலே. உங்க அண்ணாச்சிக்குத் துவைக்கவே தெரியல, இன்னும் நேரமாவும்.”