நாலு பேர் பாரம்

பம்மல் ஒர்க்‌ஷாப்பில், ஃபியட் காரின் முன் டயரைத் தடவிப் பார்த்த மெக்கானிக் ஏசுபாதத்துக்கு எரிச்சலாக வந்தது.

“இன்னா சார் இது? போன தபாதான் புது டயர் மாட்டி, வீல் அலைன்மென்ட் பண்ணிக் குடுத்தேன். மறுபடியும் ஓரம் மட்டும் தேஞ்சிகீது! வண்டில எப்பவும் நாலு பேர்னு சொன்னீங்களே?”

“ஆமாம்ப்பா,” என்றார் வைத்தீஸ்வரன். “நான் ஓட்டுவேன், பக்கத்துல என் வைஃப். பின்னாடி பையனும் பொண்ணும்.”

“அதுக்குத்தானே சீட்டுல மணல் மூட்டைங்கள வச்சி, நாலு பேர் பாரத்துக்கு செட் பண்ணேன்? காலி வண்டிய ஓட்டினாதான் சார் இப்டித் தேயும்!”

வைத்தீஸ்வரன் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பையன் துபாய்ல இருக்கான். பொண்ணு பம்பாய்ல. என் வைஃப் போய்ச் சேந்து ரெண்டு வருஷமாச்சு. நீ கேட்டப்போ, நான் ஒருத்தன்தான்னு சொல்ல வாய் வரலப்பா.”

ஏசுபாதம் ஒரே ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வந்து டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு, அலைன்மென்ட் பார்க்கக் குனிந்தான்.

“ஏசுபாதம், பக்கத்து சீட்லயும் ஒண்ணு வச்சுப் பாரேன்.”

“அதான் யாரும் இல்லன்னீங்களே சார்?”

“வேலை முடிஞ்சதும் அதை இறக்காதே. அது என்னோடவே வரட்டும்.”