முப்பத்தோராவது மாடியின் மாதிரிக் குடும்பம்

அந்த மதியம் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி தேவகி, நகர ஆள்சேர்ப்பு அலுவலகத்து அருள்தாஸ், சென்னைக்கு வேலைக்கு வரலாமா என்று பார்க்க வந்த டாக்டர் ஷமீமா.

இந்த மாடியில் குடியிருக்கப் பட்டம் வேண்டும். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஆனால் காலி வீட்டைக் காட்டினால் படித்தவர்கள் யாரும் இந்த ஊருக்கு வரச் சம்மதிப்பதில்லை. அதனால் ஆள்சேர்ப்பு அலுவலகத்தார் எங்களைக் குடிவைத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர் கையெழுத்துப் போட்டால் வீடு அவருக்கு, நாங்கள் வெளியே. மூன்று வருடமாக யாரும் போடவில்லை. வீடு போய்விடக் கூடாதென்று நானும் வருகிறவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அன்று தேவகி டாக்டரிடம் கேட்டாள்: "சாப்ட்டியாம்மா?"

"காலையிலேர்ந்து ஒண்ணும் இல்லக்கா."

தேவகி சோறு போட்டு வத்தக்குழம்பு ஊற்றினாள். நான் முறைத்தேன். டாக்டர் இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

அருள்தாஸ் என் காதருகே வந்தார். "ஆறு மணிக்குள்ள காலி பண்ணிடுப்பா."

துணி மடிக்கும்போது, "ஏன்டி இப்படிப் பண்ண?" என்றேன்.

"பசியோட இருந்துச்சுய்யா."

இரண்டு பைகளோடு வாசலுக்கு வந்தோம். "பக்கத்து வீட்டுக்கு மாறுறீங்களாமே? சார் சொன்னாரு" என்றார் டாக்டர். "உங்கள நம்பித்தான்கா வர்றேன்."

தேவகி அருள்தாஸைப் பார்த்தாள். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா. குழம்பு மிச்சம் இருக்கு, சூடு பண்ணிக்க."

ஆளில்லாத பக்கத்து வீட்டைத் தாண்டி லிஃப்டுக்கு நடந்தோம். பின்னால் டாக்டர் கதவைச் சாத்திப் பூட்டும் சத்தம் கேட்டது.