தபாலாபீஸ் முனை

பதினைந்து வருடமாகக் கட்சி ஜீப்பில் மைக் பிடிப்பவள் பூங்கோதை. தபாலாபீஸ் முனைக்கு வந்தால், எதிர்க்கட்சிக்காரர்கள் அங்கே வெட்டிக் கொன்ற சுடலைமுத்துவின் பெயரைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்பாள். அதைக் கேட்க அவன் மனைவி பேச்சித்தாய் வாசலுக்கு வந்து நிற்பாள்.

இந்தத் தேர்தலில் அந்த எதிர்க்கட்சியோடேயே கூட்டணி. அவர்களுடைய வேட்பாளர் ஜீப்பில் கைகூப்பி நின்றார். முனையில் பூங்கோதை சின்னத்தை மட்டும் சொன்னாள்.

ஜீப் நகரும்போது பேச்சித்தாய் ஓடிவந்து குறுக்கே நின்றாள். "என்னக்கா, எங்க வீட்டுக்காரரு பேர விட்டுட்டியே?"

வேட்பாளர் பூங்கோதையின் பக்கம் குனிந்தார். "யாரும்மா அது? நம்ம ஆளா?"

மைக்கை அவள் அணைத்திருக்கவில்லை. சுடலைமுத்து யார், அவனை வெட்டியது யார் என்று அதிலேயே அவருக்குப் பதில் சொன்னாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள்.