மேல் வீட்டுச் சாப்பாடு

பியாட்ரிஸ் கதவைத் திறந்ததும், கீழ் வீட்டு குந்தலா மாமி மூச்சிரைக்க உள்ளே நுழைந்தாள்.

“அவர் இங்கதானே இருக்கார்?”

“யாரு மாமி?”

“தெரியாத மாதிரி நடிக்காதேடி! ரெண்டு நாளா ஆத்துல ஒரு வாய் சாதம் தொடலை. பருப்பும் நெய்யும் விட்டு வெச்சுண்டு, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு போச்சு. அவர் சாப்பிடாம நான் என்னிக்காவது சாப்பிட்டிருக்கேனா? இன்னிக்கு எட்டிப் பார்த்தா, உன் பால்கனியில ஜம்முனு உட்கார்ந்துண்டிருக்கார்!”

“ஐயோ, யாரும் வரலை மாமி! மெதுவா பேசுங்க. எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்தா என்ன ஆகும்?”

“விழட்டும். மயிலாப்பூர் முழுக்க விழட்டும்!”

மாமி விடுவிடுவென்று பால்கனிக்குப் போய்க் கையை நீட்டினாள். “இதோ, இது யாராம்?”

கட்டைச் சுவரில் ஒரு காக்கை, பொரித்த சங்கரா மீனைக் கொத்திக்கொண்டிருந்தது.

“மாமி, இது காக்கா! மாமா தவறித்தான் மூணு வருஷம் ஆச்சே!”

“அதனாலதான் காக்காயா வரார். நொண்டற வலது காலைப் பார், அவரேதான். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத மனுஷனை இப்படிக் கெடுத்து வெச்சிருக்கியே!”

பியாட்ரிஸ் பதறிப்போய் மீனை எடுக்கப் போனாள். காக்கை முறைத்தது. மாமிக்குப் பழகிய முறைப்பு.

“விடு, விடு. சாப்பிடறச்சே எடுத்தா அவருக்குக் கோவம் வரும்” என்ற மாமி, காக்கை கடைசித் துணுக்கை விழுங்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு, தான் சாப்பிடப் படியிறங்கியவள், பாதியில் திரும்பினாள்.

“நாளைக்கு முள்ளை எடுத்துட்டு வைடி. அவருக்குப் பழக்கமில்லை.”