அம்மா குரலில்

“நாற்பத்திரண்டு வயசுக்கு இவ்வளவு கோபம் ஆகுமா மேடம்?” என்று அம்மாவின் குரலில் கேட்டேன்.

போனின் அந்தப் பக்கம் கவுன்சலர் மெல்லச் சிரித்தார். “கோபத்துக்கு வயசு ஏது? சொல்லுங்க, யார் மேல?”

நாற்பத்திரண்டு அம்மாவின் வயது. எனக்குப் பதினைந்து. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சிலிண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

வாரம் தவறாமல் புதன்கிழமை, பள்ளியிலிருந்து வந்து நான் ஷூவைக் கழற்றுவதற்குள் என் போனுக்கு இந்த அழைப்பு வந்துவிடும். அம்மாவுக்கு பிஸ்கட் கம்பெனியில், பேக்கிங் பிரிவில், மதிய ஷிஃப்ட். உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். முதல் அழைப்புக்கு முன்பே அம்மா என்னிடம் கெஞ்சியிருந்தாள்:

“வேலை செய்யற இடத்துல அழுதுட்டேன்னு சூப்பர்வைசர் போன் கவுன்சலிங்னு சொல்லிட்டார்டி. நீயே என்னை மாதிரி பேசிடு. மாமாவே நம்ம ரெண்டு பேர் குரல்ல ஏமாந்துபோறார், இவங்களுக்கா தெரியப்போகுது?”

“நான் என்னம்மா பேசறது?”

“கேக்கறதுக்கு வாயில வர்றதைச் சொல்லு. பேச மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதே. என் வேலைக்கு உலை வச்சிடாத தாயே.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலை முழுக்க வீட்டில்தானே இருக்கிறாள்? காலை நேரமாகப் பார்த்துப் பதிவு செய்து தானே பேசித் தொலைக்க வேண்டியதுதானே? தன் தலைவலியை என் தலையில் கட்டிவிட்டு, என்ன பேசினாய் என்றுகூட ஒரு நாளும் கேட்டதில்லை.

முதலில் புளுகினேன். நல்லாத் தூங்கறேன், நல்லாச் சாப்பிடறேன், சம்பளம்தான் போதல. ஆனால் கவுன்சலர் அவசரப்படுத்தவே மாட்டார். நான் சும்மா இருந்தால் அவரும் சும்மா இருப்பார்.

அந்தச் சும்மாவில் எப்படியோ என் கதை கசிய ஆரம்பித்தது. வகுப்பறையைப் பேக்கிங் பிரிவாக்கினேன். கிளாஸ் டீச்சர் சூப்பர்வைசர் ஆனார். என் போட்டோவுக்குப் பன்றி மூக்கு ஒட்டி எல்லாருக்கும் அனுப்பிய என் உயிர்த்தோழி, பக்கத்து மேஜைக்காரி ஆனாள்.

“வீட்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்று இன்றைக்குக் கேட்டார்.

“யார்கிட்ட சொல்றது? பொண்ணு ஒருத்தி இருக்கா. அவ சின்னவ மேடம், பயந்துடுவா.”

“சரி. நம்ம பேச்சு நமக்குள்ளதான். மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க.”

அந்த வார்த்தையை நம்பி, இதுவரை சொல்லாததைச் சொல்லிவிட்டேன். “சில நாள், காலையில கண்ணே முழிக்காம இருந்துட்டா நல்லாயிருக்கும்னு தோணுது மேடம். நேத்து ரொம்பவே தோணுச்சு.”

அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த கீபோர்டு சத்தம் நின்றுபோனது.

“இப்ப வீட்ல தனியாவா இருக்கீங்க?”

“ஆமா.”

“லைன்லயே இருங்க. இன்னைக்கே உங்களை நேர்ல பார்க்கணும். என் கூட இருக்கறவங்க உங்க வீட்டு ஆளுங்களுக்குத் தகவல் சொல்லிட்டிருக்காங்க.”

“நமக்குள்ளதான்னு சொன்னீங்களே!”

“உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வெளியில சொல்லுவேன்னு முதல் நாளே சொல்லியிருந்தேனே.”

போனைத் துண்டித்தேன். மறுபடி அடித்தது. மறுபடியும். மிக்ஸிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டேன்.

நம்பிப் பேசினேன், காட்டிக்கொடுத்துவிட்டாள். அவளைச் சொல்லி என்ன? அம்மா பெயரில் உளறிக் கொட்டி, அம்மாவை நானல்லவா காட்டிக்கொடுத்துவிட்டேன்! இனி அம்மாவை ஆஸ்பத்திரியில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். இந்த வீட்டில் நான் மட்டும் இருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு படீரென்று திறந்தது. அம்மா. தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். வெளியே டாக்சி ஒன்று இன்ஜினை நிறுத்தாமல் நின்றது.

“ஏன்டி போனை எடுக்கல?” மூச்சு வாங்கியது அவளுக்கு.

“கம்பெனிக்கே சொல்லிட்டாங்களாம்மா?”

“ம். கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அவள் கையைப் பிடித்துத் தொங்கினேன். “போகாதேம்மா! உனக்கு ஒண்ணும் இல்ல. அதெல்லாம் நான் சொன்னது. தூக்கம் வராதது எனக்கு. பாத்ரூம்ல தண்ணியத் திறந்துவிட்டு அழறது நான். காலையில முழிக்கவே வேண்டாம்னு நெனைக்கறதும் நான்தாம்மா!”

அம்மா என்னைப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன, ஆனால் முகத்தில் ஆச்சரியம் மட்டும் இல்லை.

“நீ எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதே. நானும் வர்றேன். ஆளைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க, அது எங்கம்மா இல்லன்னு நானே அவங்ககிட்ட சொல்றேன்” என்றேன்.

“எத்தனை தடவை கேட்டேன், உனக்கு என்னடி ஆச்சுன்னு? ஒண்ணுமில்லன்னு கதவைச் சாத்திக்கிட்ட. ஒரு டாக்டர்கிட்டயாவது பேசுடின்னு கெஞ்சினேன். எனக்கென்ன பைத்தியமான்னு கத்தின.”

குனிந்து, என் செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தாள்.

“அவங்க யாரும் ஆளைத் தப்பாப் புரிஞ்சுக்கல. அந்த அப்பாயின்ட்மென்ட் முதல் நாள்லேர்ந்தே உன் பேர்லதான்டி இருக்கு.”