வாசலை மறித்த சம்பந்தி

"நில்லுங்கள்! உள்ளே கால் வைக்காதீர்கள்!"

நோரா ஆங்கிலத்தில் போட்ட சத்தத்தில் கேரம் டவுன்ஸ் கல்யாண மண்டபமே திரும்பிப் பார்த்தது.

கோயிலில் தாலி கட்டி முடித்து, விருந்துக்கு வந்திறங்கிய மயூராவும் டெக்லனும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் நோரா, கையில் ஓட்ஸ் ரொட்டி ஒன்றோடு வழியை மறித்து நின்றாள்.

மணமக்களை வரவேற்க ஆலாத்தித் தட்டோடு காத்திருந்த சிவசோதிக்கு முகம் கறுத்தது. மயூராவின் அப்பாவுக்கு அக்கா அவள். தம்பி செத்தபிறகு அந்தக் குடும்பத்தில் அவள் சொன்னதுதான் சட்டம்.

"என்னவாம் பிள்ளை?" என்று மயூராவைக் கேட்டாள்.

"அயர்லாந்தில அவையின்ர ஊர் வழக்கமாம் மாமி. பொம்பிளையின்ர தலைக்கு மேல ரொட்டியை உடைச்சுப்போட்டுத்தான் உள்ள எடுக்கிறவையாம்."

"அதுக்கென்ன, உடைக்கட்டும். நேரம் போகுது."

மயூரா உள்ளே எட்டிப் பார்த்தாள். "பொம்பிளையின்ர அம்மாதான் உடைக்கவேணுமாம்."

கூட்டம் சிவசோதியைத் திரும்பிப் பார்த்தது.

மயூராவின் அம்மா யோகா குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். கோயிலிலும் கடைசி வரிசைதான். "புருசன் இல்லாதவள் நல்ல காரியத்தில முன்னுக்கு நிக்கக்கூடாது" என்று சிவசோதி சொன்னபோது, "ஓம் மச்சாள்" என்றதோடு சரி.

"கொண்டாங்கோ, நான் உடைக்கிறன். நானும் தாய் மாதிரித்தானே."

சிவசோதி கையை நீட்ட, நோரா ரொட்டியை இழுத்துக்கொண்டாள்.

"பெற்ற தாய்தான். வேறு யார் தொட்டாலும் பிள்ளைக்கு ஆகாது!"

"எங்கட கலியாணத்தில வந்து நிண்டு அதிகாரம் பண்ணுறாள். என்ன திமிர் பாத்தியளே?" என்றார் யாரோ.

"அம்மா, அது வந்து..." என்று டெக்லன் வாயெடுத்தான். நோரா ஒரு பார்வை பார்த்தாள். அவன் அடங்கிவிட்டான்.

மயூரா அதைத் தமிழில் சொல்ல, பிள்ளைக்கு ஆகாது என்ற சொல் சிவசோதியைக் கலக்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "சரி, அவளைக் கூப்பிடுங்கோ."

யோகா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். ரொட்டியை வாங்கிக்கொண்டு சிவசோதியைப் பார்த்தாள்.

"மச்சாள், நான் எப்பிடி..."

"கெதியா உடை, நேரம் போகுது!"

ரொட்டி நொறுங்கி மயூராவின் கூந்தலெல்லாம் உதிர்ந்தது. அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். டெக்லனின் சொந்தக்காரர்கள் கைதட்டி, அதிர்ஷ்டத்துக்கென்று துண்டுகளைப் பொறுக்கினார்கள்.

மேசையில் போய் உட்கார்ந்ததும் டெக்லன் தாயின் பக்கம் சாய்ந்தான்.

"அம்மா, எங்கள் ஊரில் மாப்பிள்ளையின் தாய்தானே ரொட்டியை உடைப்பது?"

"தெரியும்," என்றாள் நோரா. "யோகாவை ஏன் பின்னால் நிற்க விட்டிருக்கிறார்கள் என்று கோயிலில் மயூராவைக் கேட்டேன். அவள் சொன்ன காரணத்தைப் பார்த்தால், உன் அப்பா செத்த நாளிலிருந்து நானும் குசினியில்தான் நின்றிருக்கவேண்டும்."